அப்பாவுக்கு மைனஸ் இருபது

எங்கள் வீட்டில் ஒரு மூடநம்பிக்கை இருந்தது. நான் ஆபீசில் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பதால் எனக்குக் கணக்கு வரும் என்பதுதான் அது. கல்யாணமான நாளிலிருந்து அந்த நம்பிக்கையை நான் கலைக்கவில்லை. கணக்குப் பிரிவில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா? வவுச்சரை நூலில் கோக்க வேண்டும். மேலே ஒரு எண், கீழே ஒரு கையெழுத்து. கூட்டலைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் தப்பாகக் கூட்டினால் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். நடுவில் நான் எதற்கு என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானாக எதற்கு ஞாபகப்படுத்த வேண்டும்?

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில், மகளின் எட்டாம் வகுப்பு வந்து முட்டியது.

ஒரு நாள் ராத்திரி ஏழரை மணி. பேப்பரை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருந்தேன். "ப்பா, ஒரு கணக்கு" என்று நோட்டோடு வந்து நின்றாள். போன வருஷம் வரை இந்த மாதிரி நேரத்தில் "அம்மாகிட்ட கேளும்மா, அப்பா களைப்பா இருக்கேன்" என்று சமாளித்திருக்கிறேன். அன்றைக்கு அம்மா அடுப்படியில் தோசைக்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "ஏங்க, கணக்குப் பிரிவுலதானே இருக்கீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. மாட்டிக்கொண்டேன்.

கணக்கு இதுதான். ஒரு தந்தையின் வயது மகனின் வயதைப் போல் நான்கு மடங்கு. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு ஆகும் எனில், அவர்களின் தற்போதைய வயதைக் காண்க.

இந்த 'எனில்' இருக்கிறதே, எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே இதைக் கண்டால் வயிற்றைக் கலக்கும். வீட்டில், கடையில், பஸ்ஸில் எங்கேயும் யாரும் 'எனில்' என்று பேசிக் கேட்டதில்லை. கணக்குப் புத்தகத்தில் மட்டும் குடியிருக்கும் சொல் அது. அதுவரை கதை மாதிரி போய்க்கொண்டிருக்கும். 'எனில்' வந்ததும் கதை சொன்னவர் எழுந்து போய்விடுவார், மிச்சத்தை நாம் சொல்ல வேண்டும்.

"ரொம்ப சுலபம்மா" என்றேன். தெரியாத கணக்கை இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். மகன் வயது எக்ஸ். அப்பா வயது 4எக்ஸ். ஐந்து வருஷம் கழித்து அப்பாவுக்கு 4எக்ஸ் + 5. அது மகனைப் போல் மூன்று மடங்கு, ஆகவே 4எக்ஸ் + 5 = 3எக்ஸ். இனிமேல் பக்கம் மாற்ற வேண்டியதுதான். பக்கம் மாறினால் குறி மாறும் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நம் ஊர் அரசியலைப் பார்க்கிறவன் எவனுக்கும் அது மறக்காது. 3எக்ஸை இந்தப் பக்கம் கொண்டுவந்தேன், 5 அந்தப் பக்கம் போய் மைனஸ் ஆனது. எக்ஸ் = −5 என்று எழுதி அடியில் இரண்டு கோடும் போட்டுவிட்டேன்.

மகள் நோட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"ப்பா, பையனுக்கு மைனஸ் அஞ்சுன்னா அப்பாவுக்கு மைனஸ் இருபதா?"

"அந்தக் காலத்துல எல்லாம் சீக்கிரமே கல்யாணம் பண்ணிடுவாங்கம்மா" என்றேன்.

தோசைக்கல் பக்கமிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அது தோசைக்காக இருக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

மகள் பென்சிலை வாங்கிக்கொண்டாள். "அஞ்சு வருஷத்துல அப்பாவுக்கு மட்டும்தான் வயசாகுமா? பையனுக்கு ஆகாதா?" என்று கேட்டாள். நியாயமாகப் பார்த்தால் நான் எழுதியதுதான் நடைமுறை. ஒரு பிள்ளையை ஐந்து வருஷம் வளர்த்துப் பாருங்கள், யாருக்கு வயதாகிறது என்று தெரியும். ஆனால் கணக்கு வாத்தியார்கள் இதையெல்லாம் ஏற்றுக்கொள்வதில்லை. பையனுக்கும் 5 கூட்டி, 3(எக்ஸ் + 5) என்று அடைப்புக்குறிக்குள் அடைத்து, 4எக்ஸ் + 5 = 3எக்ஸ் + 15 என்று பிரித்து, பையனுக்குப் 10, அப்பாவுக்கு 40 என்று முடித்துவிட்டாள். ஐந்து வருஷம் கழித்து 15-ம் 45-ம். மூன்று மடங்கு. சரியாகத்தான் இருந்தது. நான் பேப்பரை ஐந்தாவது தடவை படிக்கப் போனேன்.

படுத்தபிறகு தூக்கம் வரவில்லை. தோற்றது பெரிதில்லை, தோற்பது எனக்குப் பழக்கம்தான். வயது விஷயத்தில் இப்படி ஒரு சூது இருக்கிறது என்று 47 வயது வரை கவனிக்காமல் இருந்துவிட்டேனே என்பதுதான் உறுத்தியது. நான்கு மடங்கு எப்படி மூன்று மடங்கு ஆனது? வித்தியாசம் 30 அப்படியேதான் இருக்கிறது, மடங்கு மட்டும் கரைகிறது. இருட்டில் விரலை மடக்கி எங்கள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மகள் பிறந்தபோது எனக்கு 34. அவளுடைய முதல் பிறந்த நாளில் எனக்கு 35, அதாவது அவளைப் போல் முப்பத்தைந்து மடங்கு. அந்த வருஷம் நான் சொன்னதை அவள் ஒருமுறைகூட எதிர்த்துப் பேசியதில்லை; பேச்சு வராததும் ஒரு காரணமாக இருக்கலாம். அடுத்த பிறந்த நாளில் எனக்கு 36, அவளுக்கு 2. பதினெட்டு மடங்கு! ஒரே வருஷத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விட்டது. இப்போது எனக்கு 47, அவளுக்கு 13, மூன்றரையைக் கொஞ்சம் தாண்டும். இன்னும் நாலு வருஷத்தில் 51-ம் 17-ம், சரியாக மூன்று. அவளுக்கு 34 ஆகும்போது எனக்கு 68, இரண்டே மடங்கு. அதற்கு மேல் அந்தக் கணக்கைப் போடாமல் போர்வையை இழுத்துக்கொண்டேன். அன்றைக்கும் 34, இன்றைக்கும் 34 என்று வித்தியாசத்தைக் காட்டி வீட்டில் அதிகாரம் பண்ணலாம் என்று பார்த்தால் நடக்காது. பிள்ளைகள் மரியாதையை மடங்கு பார்த்துத்தான் அளந்து போடுகிறார்கள்.

போன மானத்தை மீட்க வேண்டுமே, மறுநாளிலிருந்து ரகசியமாகப் படிக்க ஆரம்பித்தேன். கணக்கைப் படிக்கவில்லை, கணக்கின் சரித்திரத்தைப் படித்தேன். கணக்குப் போடத் தெரியாதவன் கணக்குப் போட்டவர்களைப் பற்றித் தெரிந்து வைத்துக்கொண்டால் ஓரளவு தப்பிக்கலாம் என்பது என் அனுபவம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த அல் குவாரிஸ்மி எழுதிய புத்தகத்தின் பெயரில் 'அல் ஜபர்' என்று ஒரு சொல் வருகிறது. அதிலிருந்துதான் அல்ஜீப்ரா. கழித்துக் கிடக்கிற ஒன்றை அந்தப் பக்கம் சேர்த்துச் சரிக்கட்டுவது என்று அதற்கு அர்த்தமாம். விலகிய எலும்பை இடத்தில் பொருத்துவதற்கும் அதே சொல்தான். பழைய ஸ்பெயினில் 'அல்ஜீப்ரிஸ்டா' என்றால் எலும்பு கட்டுகிறவர். அதாவது நம் புத்தூர் கட்டு! இதைப் படித்தபோது எனக்கு ஒரு ஆறுதல். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா வாத்தியார் கையில் மாட்டியபோது எனக்கு ஏன் அப்படி வலித்தது என்று முப்பத்தைந்து வருஷம் கழித்துப் புரிந்தது.

நம் பக்கத்து ஆட்களும் சளைத்தவர்கள் இல்லை. தெரியாத எண்ணுக்கு எக்ஸ் வைப்பதெல்லாம் 1637-ல் டெகார்ட் வந்து பரப்பிய பழக்கம். பாஸ்கராசாரியார் காலத்தில் தெரியாத எண்ணுக்குப் பெயர் 'யாவத்-தாவத்', அதாவது எவ்வளவோ அவ்வளவு. இரண்டாவது தெரியாத எண் வந்தால் கறுப்பு, மூன்றாவதற்கு நீலம், பிறகு மஞ்சள், சிவப்பு. சம்பளக் கவரைப் பார்த்து என் மனைவி "எவ்வளவோ அவ்வளவு" என்று பெருமூச்சு விடும்போதெல்லாம் அது புலம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பீஜகணிதம் என்று இப்போதுதான் தெரிகிறது. பாஸ்கரர் 1150-ல் எழுதிய லீலாவதி, மகள் பெயரில் எழுதியது என்று ஒரு கதை உண்டு. "கண்ணே, இதைச் சொல்" என்ற பாணியில் கணக்குக் கேட்டுக்கொண்டே போகிறார். அந்த மகள் ஒரு தடவையாவது பென்சிலைப் பிடுங்கினாளா என்பது பற்றி மனிதர் மூச்சுவிடவில்லை.

தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரம் இருக்கிறது. பலாப்பழத்தை வெட்டாமலேயே உள்ளே எத்தனை சுளை என்று சொல்ல அதில் வழி உண்டு. காம்பைச் சுற்றியிருக்கும் சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். 50 முள் இருந்தால் 60 சுளை. காந்தி மார்க்கெட்டில் ஒரு கடைக்குப் போய்க் காம்பைச் சுற்றி எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டில் இருக்கும்போது கடைக்காரர் "சார், வாங்கறீங்களா, ஜோசியம் பாக்கறீங்களா?" என்றார். எண்ணிக்கை விட்டுப்போய்விட்டது. வெட்கத்துக்குப் பயந்து அந்தப் பழத்தையே வாங்கிக்கொண்டு வந்தேன். சக்கைதான் அதிகம். அதை எண்ண நூலில் வழி இல்லை.

ஆனால் வயதுக் கணக்குக்கென்று ஒருவரைக் கும்பிட வேண்டுமென்றால் அது டயோபாண்டஸ் என்ற கிரேக்கரைத்தான். அவர் கல்லறையில் இருந்ததாக ஒரு புதிர், பழைய கிரேக்கத் தொகுப்பு ஒன்றில் இருக்கிறது. ஆயுளில் ஆறில் ஒரு பங்கு பிள்ளைப் பருவம். அப்புறம் பன்னிரண்டில் ஒரு பங்கு போனபின் தாடி முளைத்தது. இன்னும் ஏழில் ஒரு பங்கு போனபின் கல்யாணம். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் மகன் பிறந்தான். அந்த மகன் அப்பாவின் ஆயுளில் பாதிதான் இருந்தான். மகன் போய் நாலு வருஷத்தில் அப்பாவும் போய்விட்டார். எத்தனை வயது?

இதைத்தான் அஸ்திரமாகத் தேர்ந்தெடுத்தேன். மூன்று ராத்திரி உட்கார்ந்து, பின்னங்களையெல்லாம் கூட்டி, இரண்டு தாள் செலவழித்து, 84 என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு சாவதானமாக உட்கார்ந்து மகளிடம் புதிரைப் போட்டேன். அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிரஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எம்பத்தி நாலு" என்றாள்.

"எப்படி?"

"ஆறு, பன்னெண்டு, ஏழு எல்லாத்தாலயும் மீதி இல்லாம வகுபடணும்ல? மீச்சிறு பொது மடங்கு எம்பத்தி நாலு. அடுத்தது நூத்தி அறுபத்தெட்டு. அவ்வளவு நாள் யாரு இருப்பா?" பிரஷ் மறுபடி வாய்க்குள் போய்விட்டது.

ஒரு நிமிஷம் கழித்து வாய் கொப்பளித்துவிட்டு வந்து, "பாவம்ப்பா, பையன் மொதல்லயே செத்துட்டான்ல?" என்றாள். மூன்று ராத்திரி அந்தக் கணக்கோடு குடித்தனம் பண்ணியிருக்கிறேன். அந்த அப்பாவை நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. காபி ஆறிப்போயிருந்தது.

அடுத்த வாரம் இன்னொரு கணக்கோடு வந்தாள். வகுப்பில் டீச்சர் போர்டில் எழுதிப் போட்டதாம். தந்தையின் வயது 45, மகனின் வயது 15. எத்தனை ஆண்டுகளில் தந்தையின் வயது மகனின் வயதைப் போல் நான்கு மடங்காகும்?

இந்தத் தடவை நான் உஷார். இரண்டு பேருக்கும் வயதைக் கூட்டினேன், அடைப்புக்குறி போட்டேன், நாலால் உள்ளே இருக்கிற இரண்டையும் பெருக்கினேன். 45 + எக்ஸ் = 60 + 4எக்ஸ். பக்கம் மாற்றினேன், குறி மாறியது. எக்ஸ் = −5.

மறுபடியும் மைனஸ் ஐந்து! என்னைப் பிடித்த சனியன் நோட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டதா? மூன்று தடவை சரிபார்த்தேன். மூன்று தடவையும் அதே. சரி, என் மேல் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு என்ற முடிவுக்கு வந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி ஒரு முடிவுக்கு வந்ததில் எனக்கு வீரம் வந்துவிட்டது. சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன். போகும்போது ஒரு முன்ஜாக்கிரதையும் செய்தேன்: ஒருவேளை தப்பாக இருந்தால் அவமானம் என் தலையில் விழக்கூடாது பாருங்கள், அதனால் "என் பொண்ணு போட்டா மேடம், மைனஸ் வருது. புக்ல ஏதோ அச்சுப்பிழை போல" என்று ஆரம்பித்தேன்.

டீச்சருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "புக்ல இல்ல சார், நான் போட்ட கணக்கு" என்றார்.

எனக்கு எச்சில் விழுங்க நேரம் கொடுத்துவிட்டு, "மைனஸ் அஞ்சுன்னா அஞ்சு வருஷத்துக்கு முன்னாடின்னு அர்த்தம் சார். அப்போ அப்பாவுக்கு 40, பையனுக்குப் 10, நாலு மடங்கு. மைனஸ் வந்தா பசங்க பயந்து அழிச்சிடறாங்களான்னு பாக்கத்தான் போட்டேன். கிளாஸ்ல பாதிப்பேர் அழிச்சிட்டாங்க. உங்க பொண்ணு கரெக்டாப் போட்டிருக்கா. ரொம்ப புத்திசாலி சார். வீட்ல யாராவது சொல்லிக் குடுக்கறீங்களா?" என்றார்.

நாற்பத்தேழு வருஷத்தில் நான் சரியாகப் போட்ட ஒரே ஒரு அல்ஜீப்ரா கணக்கு. அதையும் இன்னொருத்தர் பெயரில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறேன். "இல்லைங்க மேடம், அதுவா போடும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

வீட்டில் என் அம்மா திண்ணையில் உட்கார்ந்து வாழைப்பூவில் கள்ளன் எடுத்துக்கொண்டிருந்தாள். அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். ஆனால் தெருவில் இருபது பேரைச் சேர்த்து மாதச் சீட்டு பிடித்து, தள்ளுபடி, கசர் எல்லாம் நோட்டு இல்லாமல் மனசிலேயே வைத்திருந்தவள். பள்ளிக்கூடத்தில் நடந்ததை அவளிடம் சொல்லி ஆறுதல் தேடினேன்.

"நாப்பத்தஞ்சும் பதினஞ்சும். வித்தியாசம் முப்பது" என்றாள் பூவிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பன் நாலு பங்கு, புள்ள ஒரு பங்கு. நடுவுல மூணு பங்கு. மூணு பங்கு முப்பதுன்னா ஒரு பங்கு பத்து. புள்ளைக்குப் பத்து வயசா இருந்தப்ப. இதுக்காடா பெட்ரோல் போட்டுக்கிட்டு ஸ்கூலுக்குப் போனே?"

எக்ஸ் இல்லை, பக்கம் மாற்றவில்லை, மைனஸே வரவில்லை. ஒரு கள்ளனை உருவிப் போட்டுவிட்டு மேலும் சொன்னாள்: "முந்தா வாரம் நாப்பதும் பத்தும்னு ஒண்ணு போட்டீங்கல்ல? அதே அப்பன் புள்ளதாண்டா இது. அஞ்சு வருஷம் கழிச்சு வந்திருக்காங்க."

ஆமாம்! அதே ஆட்கள்தான். நான் இரண்டு தடவை சந்தித்தும் அடையாளம் தெரியவில்லை. அந்த அப்பன் மேல் எனக்குத் திடீரென்று பாசம் வந்தது. நாலு மடங்கு அப்பாவாக இனி எப்போது ஆவோம் என்று கேட்டிருக்கிறான். அது முடிந்துபோய் ஐந்து வருஷம் ஆகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மடங்கு குறையக் குறைய மரியாதை குறையும் என்ற என் கொள்கை அம்மா விஷயத்தில் மட்டும் செல்லுபடியாகவில்லை. அவளுக்கும் எனக்கும் இப்போது ஒன்றரை மடங்குகூட இல்லை. ஆனாலும் அவள் 'டேய்' என்றால் நான் எழுந்து நிற்கிறேன். அம்மாவுக்கு என்ன வயது என்று மகள் கேட்டபோதுதான் அதை யாரும் இதுவரை எழுதி வைக்கவில்லை என்பது தெரிந்தது. ஆதார் அட்டையில் ஜனவரி 1 என்று இருக்கிறது. நம் ஊரில் ஒரு தலைமுறையே ஜனவரி 1-ல்தான் பிறந்திருக்கிறது. அம்மாவின் காலண்டரில் தேதி கிடையாது, புயல்தான். தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன வருஷம் அவளுக்கு முன்பல் விழுந்தது. திருச்சியில் வெள்ளம் வந்தபோது நான் எட்டு நாள் பிள்ளை. என்னைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டு வைத்திருந்தார்களாம். மகள் விரலில் எண்ணினாள். தனுஷ்கோடி 1964 டிசம்பர், திருச்சி வெள்ளம் 1977 நவம்பர், புயலுக்குப் புயல் 13 வருஷம். முன்பல் விழுந்தால் ஏழு என்று வைத்துக்கொள். ஏழும் பதிமூன்றும் இருபது. "அப்பா பொறந்தப்ப பாட்டிக்கு இருபது. இப்ப அறுபத்தேழு" என்றாள். "இருக்கும், இருக்கும்" என்றாள் அம்மா, கத்திரிக்காய் விலையைச் சொன்ன மாதிரி.

என் வயதிலும் வில்லங்கம் உண்டு. 1982 ஜூனில் என்னைப் பள்ளியில் சேர்க்க அப்பா கூட்டிப்போனார். ஐந்து நிறைந்திருக்க வேண்டும், எனக்கு நிறையவில்லை. தலைமையாசிரியர் வழக்கமான பரீட்சை வைத்தார். வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட வேண்டும். என் விரல் காதுக்கு ஒரு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது. அப்பா பின்னாலிருந்து என் காதை மேலே இழுத்துப் பிடித்தார். தொட்டுவிட்டேன். பிறந்த தேதி 1-6-1977 என்று எழுதிக்கொண்டார்கள். ஆக, நான் பிறக்காத ஐந்து மாதத்துக்கும் சேர்த்து எனக்கு வயதாகிவிட்டது. ஆபீஸ் கணக்கில் எனக்கு 48, அம்மா கணக்கில் 47. பரீட்சையில் முதல் மோசடி அன்றைக்குத்தான். அதிலும் உழைப்பு என்னுடையது இல்லை.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், பாடம் முடியும் சமயத்தில் டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். உங்கள் குடும்பத்தினர் வயதை வைத்து நீங்களே ஒரு கணக்கை உருவாக்கி வாருங்கள். மற்றவர்கள் அதை வகுப்பில் போடுவார்கள். "இதை நான் பண்ணித் தர்றேன்" என்று மகளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன். கணக்குப் போடத்தானே எனக்கு வராது? கணக்குக் கொடுப்பதில் என்ன கஷ்டம்? ஆபீசில் மேலதிகாரிகள் எல்லோரும் அதைத்தானே செய்கிறார்கள்?

எனக்கு 47 என்றே வைத்துக்கொண்டேன். மகளுக்கு 13. மனைவிக்கு 40. கூட்டிப் பார்த்தால், நம்பமாட்டீர்கள், சரியாக 100! மெய்சிலிர்த்துப்போய் எழுத ஆரம்பித்தேன். 'அப்பாவின் வயது மகளின் வயதின் மூன்று மடங்கைவிட 8 அதிகம். அம்மாவின் வயது அப்பாவின் வயதைவிட 7...' அந்த இடத்தில், "ஏங்க, மோட்டாரை நிறுத்துங்க, டேங்க் வழியுது!" என்று சத்தம். ஓடிப்போய் நிறுத்திவிட்டு, வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டே வந்து, விட்ட இடத்திலிருந்து '...அதிகம். மூவரின் வயதின் கூடுதல் 100 எனில், ஒவ்வொருவரின் வயதையும் காண்க' என்று முடித்தேன். முதல் தடவையாக நானே ஒரு 'எனில்' போட்டேன். அந்த மிதப்பில் மேலே படித்துப் பார்க்கவில்லை. மகள் காலையில் அவசரமாக நோட்டில் எழுதிக்கொண்டு ஓடினாள். கணக்குப் பிரிவு அப்பா கொடுத்தது, சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பியிருக்கிறாள். எல்லாம் அந்த மூடநம்பிக்கை.

'குறைவு' என்று எழுத வேண்டியது 'அதிகம்' ஆகிவிட்டது.

விடை பின்னத்தில் வந்திருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். என் தலையெழுத்து, முழு எண்ணாக வந்து தொலைத்தது. மகள் எக்ஸ், அப்பா 3எக்ஸ் + 8, அம்மா 3எக்ஸ் + 15. கூட்டினால் 7எக்ஸ் + 23 = 100. எக்ஸ் = 11. வகுப்பு முழுக்க ஒரே விடை. மகளுக்கு 11, அப்பாவுக்கு 41, அம்மாவுக்கு 48. முழுத் தொகையாக வருகிற பில்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று எங்கள் ஆடிட்டர் வருஷா வருஷம் சொல்லுவார். சாயந்திரம் வந்து மகள் பையைத் தூக்கிப் போட்ட வேகத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. "எல்லாரும் உனக்குப் பதினொண்ணுதானா, டபுள் ப்ரமோஷனான்னு கேக்கறாங்க. டீச்சர் போர்டுல வேற எழுதிப் போட்டாங்க. அம்மாவுக்கு நாப்பத்தெட்டாம்!"

அடுத்த சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். நான் வழக்கம்போல் ஆபீசில் வேலை என்றேன், மனைவி போனாள். போகும்போது அவளுக்கு விஷயம் தெரியாது. சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. அவள் வயதை எங்கள் கல்யாணப் பத்திரிகை அச்சடித்த காலத்திலிருந்து அவள் யாரிடமும் சொன்னது கிடையாது. வகுப்பில் போட்டது பிள்ளைகளோடு நிற்குமா? ராத்திரிக்குள் அம்மாக்களின் வாட்ஸ்அப் குரூப் முழுக்கப் போயிருக்கும். ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்து, பாத்திரம் எல்லாம் தேய்த்துக் கவிழ்த்து, துணியை மடித்து, காபி டிகாஷன் இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் காத்திருந்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னடா பண்ணித் தொலைச்சே?" என்று மட்டும் கேட்டாள்.

மனைவி வந்தாள். முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்! எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

"எல்லா அம்மாங்களும் என்னையே சுத்திக்கிட்டாங்க. 'மேடம், உங்களைப் பாத்தா நாப்பத்தெட்டுன்னு சத்தியமா சொல்ல முடியாது. முப்பத்தெட்டுன்னாகூட நம்பமாட்டோம். என்ன சாப்பிடறீங்க, என்ன போட்டுக்கறீங்க'ன்னு ஒரே கேள்வி. டீச்சரே கேட்டாங்க."

"நீ... திருத்திச் சொல்லலையா?"

"எதுக்குத் திருத்தணும்? இருந்துட்டுப் போகட்டும்" என்று கண்ணாடி முன்னால் நின்று பூவைச் சரிசெய்துகொண்டாள்.

போன உயிர் திரும்பி வந்தது. அத்தோடு உள்ளே போயிருக்கலாம். போகவில்லை. ஆறு வயது நானும் குறைந்திருக்கிறேனே, ஏதாவது சொல்லியிருப்பார்களே என்ற நப்பாசை. "என்னைப் பத்தி ஒண்ணும் பேசலையா?" என்றேன்.

"பேசாம? காலையில பாப்பாவை வண்டியில கொண்டாந்து விடறப்ப உங்களைப் பாத்திருக்காங்களாம். 'சாருக்கு நாப்பத்தொண்ணுதானா'ன்னு ரெண்டு பேர் கேட்டாங்க. ஒருத்தங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, 'அவருக்கு என்ன உடம்புக்கு, மறைக்காமச் சொல்லுங்க'ன்னு கண்கலங்கிட்டாங்க."

கைப்பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினாள். முருங்கைக்கீரைப் பொடி. காலையும் ராத்திரியும் ஒரு ஸ்பூன், வெந்நீரில்.